அந்த இரண்டு டீயும் 12.40 டிக்கெட்டும்

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் செக்கானூரணி பக்கம். அப்பாவுக்கு 67 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிபி. போன ஆடி அமாவாசையன்று காலை 5 மணிக்கு வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று வெறும் வயிற்றோடு அழகர்கோயில் கிளம்பினார். மலைமேல் இருக்கிற நூபுரகங்கைத் தீர்த்தத்துக்கு நடந்தே ஏறியிருக்கிறார். மதியம் வீடு திரும்ப வேண்டியவர் வரவில்லை. அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. இரவெல்லாம் தேடினோம். மறுநாள் காலை 6 மணிக்குக் கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போன் செய்தார். பெயர் கேட்டால்கூட முழித்துக்கொண்டிருந்தவர், இரண்டு டீ குடித்து அரை மணி நேரம் கழித்து என் நம்பரைச் சொல்லியிருக்கிறார். சட்டைப்பையில் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து துவரங்குறிச்சிக்கு எடுத்த பஸ் டிக்கெட், நேரம் மதியம் 12.40. துண்டில் முடிந்திருந்த அழகர்கோயில் பிரசாதத் தோசையில் பாதியைக் காணோம். நெற்றியோரம் ஒரு சிராய்ப்பு. அன்று நடந்த எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. வரும் வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். 9 மணிக்கு சுகர் 126 இருந்தது. ‘நார்மல்தான், வயசானா இப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். அத்தை, காத்து கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப் போகச் சொல்கிறார். அண்ணன் மறதி நோய் என்கிறான். கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1, கிரியேட்டினின் 1.8. மாத்திரைகள்: கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, மெட்டோபுரோலால், ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த ஒரு பிபி மாத்திரை. புரட்டாசியில் மறுபடி அழகர்கோயில் போகணும் என்கிறார். விடலாமா?

பதில்: அந்த இரண்டு டீயிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்த மனிதர் சர்க்கரை போட்ட டீ குடித்த அரை மணி நேரத்தில் பத்து இலக்க நம்பரைச் சொல்கிறார் என்றால், அந்தக் கடைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ வைத்தியம் பார்த்துவிட்டார். மறதி நோய் டீக்குக் கட்டுப்படாது. காத்து கருப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அது என் துறை இல்லை.

கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு முதலில் தோன்றுவது, சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கி, அதனால் வந்த குழப்பம். 9 மணிக்கு எடுத்த 126 இதை மறுக்கவில்லை. இரண்டு டீ உள்ளே போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. தீயை அணைத்துவிட்டு வீட்டில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த கதைதான். அந்த டீயைக் குடிப்பதற்கு முன்னால் ஒருவர் விரலில் குத்திப் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதுதான் எனக்கு வேண்டும். அது இனி கிடைக்காது.

அப்பா அன்று செய்ததை வரிசையாகப் பாருங்கள். கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. முதல் நாள் இரவுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. அதன் மேல் மலைப்பாதை ஏற்றம். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மாத்திரை ஒரு நாளுக்குள் ஓரளவு வெளியேறும். கிரியேட்டினின் 1.8 என்றால் சிறுநீரகம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது, மாத்திரையும் அதன் கழிவுகளும் உடம்பில் தங்கிவிடும். அதனால்தான் இந்த வகை மாத்திரையால் சுகர் இறங்கி வருகிறவர்களை நாங்கள் டீயைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு நாளாவது வார்டில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் ஏறின சுகர் திரும்ப இறங்கும்.

மூளைக்குச் சாப்பாடு பெரும்பாலும் குளுக்கோஸ்தான், அதைச் சேமித்து வைக்கிற அறை அதற்குக் கிடையாது. 70க்குக் கீழே இறங்கினால் உடம்பு மணியடிக்கும்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களுக்கு அந்த மணி மழுங்கிப் போயிருக்கும். அப்பா சாப்பிடுகிற மெட்டோபுரோலால் என்கிற பிபி மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் விட்டுவைக்கும். ஆடி மாத மதுரை வெயிலில், மலை இறங்கி வந்த மனிதர் வியர்த்துக் கொட்டுவதை யார் கவனிப்பார்கள்?

‘சுயநினைவு இல்லாதவர் எப்படி பஸ் ஏறி டிக்கெட் எடுத்தார்?’ என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். முழு மயக்கத்துக்கு முந்தைய நிலை இது. நாற்பது ஐம்பது வருடமாகச் செய்து பழகிய வேலையைக் கை கால்கள் தாமாகவே செய்யும். கூட்டத்தோடு படியில் ஏறுவார், கண்டக்டர் வந்தால் ரூபாயை நீட்டுவார், முன்னால் நின்றவர் துவரங்குறிச்சி என்றால் இவரும் அதையே சொல்லியிருக்கலாம். எங்கே போகிறோம் என்பது மட்டும் மண்டையில் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு வழி தெரியாத பெரியவர், அல்லது போதைக்காரர் என்றுதான் தெரியும்.

இதில் நானும் தவறு செய்தவன்தான். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தெருவில் தள்ளாடியவர் என்று போலீஸ்காரர்கள் இரவு 2 மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். உளறல், சட்டையெல்லாம் ஈரம். லேசாகச் சாராய வாடையும் இருந்தது. ‘விடியட்டும், தெளிஞ்சிடும்’ என்று நான் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். டியூட்டி சிஸ்டர் என்னைக் கேட்காமலே குளுக்கோமீட்டரில் பார்த்தார். 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி மருந்து முழுக்க இறங்குவதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, ‘என் சைக்கிள் எங்கே?’ என்று கேட்டார். அந்த சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. சாராயம் குடித்தவருக்கும் சுகர் இறங்கும், சொல்லப்போனால் அவருக்குத்தான் சீக்கிரம் இறங்கும்.

சரி, உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு உறுத்துகிற ஒன்றும் உண்டு. 12.40 முதல் மறுநாள் 6 மணி வரை 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சுகர் அவ்வளவு நேரம் அடிமட்டத்திலேயே கிடந்திருந்தால் வலிப்போ முழு மயக்கமோ வந்திருக்கும், டீ குடிக்க உட்கார்ந்திருக்க மாட்டார். காணாமல் போன பாதி தோசை இதற்கு ஒரு விடை சொல்கிறது. இடையில் எப்போதோ தின்றிருக்கிறார், கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை மறுபடி இறக்கியிருக்கிறது. நம்பத்தகுந்த கணக்குதான். ஆனால் கணக்கு சரியாக வருகிறது என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது.

முக்கியமாக அந்த நெற்றிச் சிராய்ப்பு. குழப்பத்தில் விழுந்ததால் அடிபட்டதா, அடிபட்டதால் குழப்பம் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும் மூளை உறைக்குக் கீழே இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். வாசல் நிலையில் இடித்துக்கொண்டதை அவர்களே மறந்திருப்பார்கள். அதனால் தலைக்கு ஒரு சிடி ஸ்கேன் கட்டாயம். இதற்குப் பெரியாஸ்பத்திரி போதும், தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. இடையில் தலைவலி அதிகமானாலோ, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தாலோ அன்றே 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று சோடியம். ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரில் உப்பை வெளியேற்றுகிற மருந்து. பிபிக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிற பெரியவருக்கு, அதோடு வெயிலும் சேர்ந்தால், சோடியம் 135க்குக் கீழே நழுவும். 120 வாக்கில் போனால் நேற்றுவரை கணக்கு எழுதியவர் இன்று சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்பார். சிறுநீர்த் தொற்று, வலிப்பு, சிறிய பக்கவாதம், அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது இவையும் பட்டியலில் உண்டு. சில மணி நேரம் புது நினைவுகள் பதியாமல் போகிற ஒரு தற்காலிக மறதியும் இருக்கிறது. ஆனால் அதில் ஆளுக்குத் தன் பெயர் மறக்காது, ‘நான் எப்படி இங்கே வந்தேன்?’ என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் அப்பாவுக்குப் பெயரே வரவில்லை, ஆகவே அது இல்லை என்றே நினைக்கிறேன்.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். காலையில் நன்றாகக் கிளம்பியவர் மதியம் பெயர் தெரியாமல் ஆவது அதன் வழக்கம் இல்லை. இதை நாங்கள் டெலிரியம் என்போம், உடம்பில் வேறெங்கோ கோளாறு இருந்து அது மூளையில் தெரிவது. அதற்காக அண்ணன் சொல்வதை அடியோடு தள்ளவும் மாட்டேன். ஏற்கெனவே மறதி லேசாகத் தொடங்கியவர்களுக்குத்தான் இப்படிக் குழப்பம் சுலபமாக வரும். போன ஒரு வருடத்தில் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறினாரா, போட்ட மாத்திரையையே மறுபடி போட்டாரா, சொந்தத் தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்று யோசித்தாரா என்று அம்மாவைத் தனியே கேளுங்கள். அப்பாவுக்கு எதிரில் வேண்டாம். இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை ஞாபகசக்தி பரிசோதனை செய்தால் போதும். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், அதுவும் மறதியாகத் தெரியும். கிரியேட்டினின், சோடியம், சிறுநீர், தைராய்டு, இசிஜியோடு அதையும் எடுத்துவிடுங்கள்.

மூன்று மாத சர்க்கரை 6.1 என்பதைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. 67 வயது, சிறுநீரகம் சுமார், கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் என்றால் 7க்கும் 7.5க்கும் இடையில் இருப்பதே போதும், சிலருக்கு 8 வரை விடுவோம். 6.1 என்றால் அவர் அடிக்கடி தாழ்ந்து போய்க்கொண்டிருக்கக்கூடும், நமக்குத் தெரிந்தது ஒரு அமாவாசை மட்டும். காலையில் தலைவலியோடு எழுவது, இரவில் தலையணை நனைய வியர்ப்பது, மாலை நேரத்தில் காரணமில்லாமல் எரிந்து விழுவது உண்டா என்று பாருங்கள். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும், மெட்ஃபார்மின் அளவையும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஒன்று மட்டும்: சாப்பிடாத வேளைக்குக் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை கிடையாது. விரதமோ, வாந்தியோ, கல்யாண வீட்டுப் பந்தி தாமதமோ, காரணம் எதுவாக இருந்தாலும் சரி.

மறுபடி நடந்தால்? நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து சுகர் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். அப்புறம் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஜிகர்தண்டா கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், கடலை மிட்டாயும் அப்படியே. சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்துகிற வோக்ளிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரண சர்க்கரையும் வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அப்பாவின் மாத்திரையில் அது இல்லை, மற்றவர்கள் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆள் காணவில்லையென்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. உடனே 112க்குச் சொல்லுங்கள். ‘அப்பாவைக் காணோம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘சர்க்கரைக்காரர், குழப்பத்தில் இருப்பார், பார்த்தால் இனிப்பாக ஏதாவது கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு போலீஸ், அவசரப் பிரிவில் பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டவர்கள், முதியோர் உதவி எண் 14567, மூன்றிலும் விசாரியுங்கள்.

புரட்டாசிக்குத் தாராளமாகப் போகட்டும், மாத்திரை மாறி, ரிப்போர்ட்டெல்லாம் வந்த பிறகு, சாப்பிட்டுவிட்டு, கூட ஒருவரோடு. வீட்டிலேயே பூட்டி வைத்தால் அவர் வேறு விதத்தில் படுத்துவிடுவார். பெயர், உங்கள் நம்பர், ‘சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்’ என்று எழுதிய துண்டுச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டவுசர் பையில் வையுங்கள். சட்டைப்பையில் வேண்டாம், நூபுரகங்கையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிப்பார். அன்றைய தினத்தைப் பற்றி அவரைத் துருவிக் கேட்காதீர்கள். அந்த நேரம் மூளையில் பதியவே இல்லை, கேட்கக் கேட்க அவருக்கு அவமானம்தான் மிஞ்சும். அத்தை கயிறு கட்டிவிட ஆசைப்பட்டால் கட்டட்டும், ஆனால் ஸ்கேன் எடுத்த பிறகு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், தீர்ந்துபோன அட்டை உட்பட, எடுத்துப் போங்கள். அந்த 12.40 டிக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் ரிப்போர்ட்டோடு வையுங்கள். டிக்கெட் மெஷின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.