மேமோகிராம் அறிக்கையைப் பார்த்துவிட்டு வைப்பு நிதியை முறிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக எடுக்கும் எக்ஸ்ரே படமான மேமோகிராமை இந்த முறையும் எடுத்தேன். அறிக்கையில் “பைராட்ஸ் 0, கூடுதல் பரிசோதனை தேவை” என்று இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள். இரவில் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து வங்கிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு மட்டும்தான் உண்டு. மகளின் படிப்புக்காகப் போட்ட வைப்பு நிதியை இப்போதே முறித்துக் கையில் வைத்துக்கொள்ளவா? தெரிந்த முகவர் ஒருவர், முதலில் தீவிர நோய்க் காப்பீடு எடுத்துவிட்டு, அது நடைமுறைக்கு வந்தபின் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

பதில்: அன்புச் சகோதரி, முகவர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் நாளைக் காலையே அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, யாராவது வர முடியாமல் போனால் அந்த இடத்தை உங்களுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

அவர் சொல்லும் வழி உடலுக்கு மட்டுமல்ல, பணத்துக்கும் கேடு. புதிய பாலிசிக்கான விண்ணப்பத்தில், அண்மையில் என்ன பரிசோதனை செய்தீர்கள், எந்த முடிவுக்காகவாவது காத்திருக்கிறீர்களா என்ற கேள்வி பெரும்பாலும் இருக்கும். உண்மையை எழுதினால் முடிவு தெரியும்வரை நிறுத்திவைப்பார்கள், அல்லது மறுப்பார்கள். மறைத்தால், பின்னால் கிளெய்ம் கேட்கும் நாளில் உங்கள் கோப்பில் தேதியோடு இருக்கும் இந்த அறிக்கையே உங்களுக்கு எதிராக நிற்கும். கட்டிய பிரீமியமும் போகும், வரவேண்டிய தொகையும் வராது. தவிர, இந்த வகைப் பாலிசிகளில் எடுத்த நாளிலிருந்து ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. 90 நாள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அத்தனை நாள் இருந்து, கடைசியில் ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால், சிகிச்சையும் பெரிதாகும், செலவும் பெரிதாகும். மார்பில் வரும் நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் பலருக்குச் சின்ன அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுமே போதுமானதாகிறது. முடிவு நல்லபடியாக வந்தால், அந்த அறிக்கைகளையே இணைத்து நேர்மையாக விண்ணப்பிக்கலாம். நானே உதவுகிறேன்.

அடுத்து அந்த எண். நான் மருத்துவர் அல்ல. ஆனாலும் உங்கள் பணக் கேள்வி முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தில் கண்டதை எண்ணால் சொல்லும் முறை. அதில் 0 என்றால், முடிவு சொல்ல இந்தப் படம் போதவில்லை என்று பொருள். மார்பின் திசு அடர்த்தியாக இருந்தாலோ, படம் எடுக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டாலோ அப்படி வரும். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4 என்றால் பயாப்ஸி, அதாவது அந்த இடத்துத் திசுவில் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். அதிலும் 4ஏ என்பது 10 சதவீதம் வரைதான். 5 என்பதுதான் 95 சதவீதமும் அதற்கு மேலும். உங்களைப் போல மறுபடி அழைக்கப்படும் பெண்களில் புற்றுநோய் உறுதியாவது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

எனக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே வரியோடு அறிக்கை வந்தது. அன்றிரவு ஒரு நோட்டை எடுத்து அறுவை சிகிச்சை, மருந்து, சம்பளமில்லா விடுப்பு, வீட்டுக் கடன் என்று வரிசையாக எழுதிக் கூட்டினேன். கூட்டி முடிக்கும்போது மணி மூன்று. கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் எழுதிய ஒவ்வொரு தொகையும் வெறும் ஊகம். பரிசோதனை நாளில் பழைய படங்கள் இருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்துப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, அலமாரியின் அடியில் கிடந்த உறையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். அது முந்தைய படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. பயாப்ஸி தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பழைய படங்களை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். வேறு மையத்தில் எடுத்திருந்தால் நகல் கேளுங்கள். செலவைக் குறைக்க உங்கள் கையில் இப்போது இருக்கும் மிக நல்ல வழி அதுதான்.

வைப்பு நிதியைத் தொடாதீர்கள். ஒன்பதாம் நாள் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு பரிசோதனைக்கான பணம்: உருப்பெருக்கிய படம், அநேகமாக அல்ட்ராசவுண்ட். சேமிப்புக் கணக்கில் அதற்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஒருவேளை பயாப்ஸி வரை போனாலும் அதன் முடிவு வரச் சில நாளாகும்; அதன் பிறகும் எந்த வகை, என்ன சிகிச்சை என்று தீர்மானிக்க மேலும் பரிசோதனைகள் உண்டு. வைப்பை முறிக்க அவ்வளவு நாள் ஆகாது. முன்கூட்டியே முறித்தால் வட்டி போவதுதான் மிச்சம். முறித்தால் எவ்வளவு பிடிப்பார்கள், அதன்மேல் கடன் தருவார்களா என்று மட்டும் வங்கியில் கேட்டு எழுதி வையுங்கள். இந்த மாதம் பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எதையும் விற்கவும் வேண்டாம், பணத்தைப் பூட்டிவைக்கும் புதிய திட்டம் எதிலும் சேரவும் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது.

அலுவலகப் பாலிசியை ஆற அமர ஒருமுறை படியுங்கள். பல பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாகச் செய்யும் பரிசோதனை சேருமா, ஒரே நாளில் முடியும் பயாப்ஸி சேருமா, முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். மருத்துவர் பரிந்துரைத்த சீட்டையும் எல்லா ரசீதையும் ஒரே உறையில் போடுங்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். பாலிசி வேலையோடு போய்விடும். ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருந்தால் பிரீமியம் கட்டும் தேதியைப் பாருங்கள். கவலையில் அதை மறந்து பாலிசி காலாவதியாகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பை எந்த ஆலோசனையாலும் சரிசெய்ய முடியவில்லை.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். வீட்டுப் பணம் எந்தக் கணக்கில், எந்தக் கடவுச்சொல்லில் இருக்கிறது என்று உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது எப்போதுமே சரியல்ல. அதைவிட, மருத்துவர் பேசும்போது பாதி உங்கள் காதில் விழாது. பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். இரவில் எழுந்தால் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். மனதில் வரும் கேள்வியை ஒரு தாளில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். பகலில் ஒரே ஒருமுறை, அவரோடு உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள்.

பரிசோதனை முடிந்ததும் அறிக்கையில் உள்ள எண்ணை எனக்கு எழுதுங்கள். 4 என்றிருந்தால் பக்கத்தில் ஏ, பி, சி எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மகளின் வைப்பு நிதியைப் பற்றி அப்போது பேசுவோம்.