நாவற்குழி மணமா, சைலன்சர் மணமா?

கேள்வி: ஐயா, என்னுடையது 2008ஆம் ஆண்டு ஜப்பான் கார். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீற்றர் ஓடும். மாதத்தில் ஒருமுறை கிளிநொச்சிக்கு, அம்மா வீட்டுக்கு. இரண்டு மாதமாக எஞ்சின் லைட் எரிகிறது. ஏ9 வீதியில் 60ஐத் தாண்டி மிதித்தால் கார் இழுக்குதில்லை. கூழ்முட்டை மணமும் வருகிறது. முதலில் நாவற்குழிக் கடல்நீரேரி என்றுதான் நினைத்தேன். ஸ்கேன் செய்தவர் பி 0420 என்ற பிழைக் குறியீடு காட்டுது, கற்றலிற்றிக் கொன்வேட்டரை (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் பெட்டி) மாற்றுங்கோ என்றார். இன்னொருவர் அதை வெட்டி எறிந்துவிட்டுப் பைப் போடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? காலையில் ஸ்ரார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நடுங்கும், மற்றப்படி பிரச்சினை இல்லை.
- ஆசிரியை, கொக்குவில்

பதில்: பிள்ளை, நாவற்குழியைச் சந்தேகப்பட்டது பிழையில்லை. அந்தச் சேற்றில் இருந்து கிளம்புவதும் உங்கள் சைலன்சரால் வருவதும் ஒரே வாயுதான், ஐதரசன் சல்பைட்டு. எஞ்சினுக்குப் பெற்றோல் அளவுக்கு மீறிப் போனால், பெற்றோலில் சொற்பமாக இருக்கும் கந்தகம் கொன்வேட்டருக்குள் இப்படி மாறி நாறும். ஓடிவந்த சூட்டோடு வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கும் மணந்தால் கடல்நீரேரியை விட்டுவிடலாம்.

கொன்வேட்டருக்குள் இருப்பது தேன்வதை மாதிரிக் கண் கண்ணான பீங்கான் கட்டி. கண்களின் சுவரில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும், அதுதான் விலை. பீங்கான் உருகினால் கண்கள் அடைபடும். நீத்துப்பெட்டியில் மாவை அமத்தி அடைத்தால் ஆவி ஏறுமா? அதே கதைதான். புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது, நீங்கள் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. பீங்கான் உடைந்திருந்தால் வேறு விதம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது அடியில் கையால் தட்டினால், பால்மா ரின்னுக்குள் கல்லுக் கிடப்பதுபோலக் கிலுங்கும்.

ஆனால் பி 0420 என்பது மரணச் சான்றிதழ் இல்லை. கொன்வேட்டருக்கு முன்னால் புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சர் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னது காட்டும் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னது பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப்போல ஆடினால் அந்தக் குறியீடு வரும். சைலன்சர் மூட்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் வரும். ஆகவே முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பூட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றும்போது சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலுக்கு மேல் காட்டினால் அடைப்பு நிச்சயம்.

இனி, நீங்கள் கடைசியில் சும்மா எழுதின வரிக்கு வருகிறேன். எனக்கு முழுக் கடிதத்திலும் அதுதான் முக்கியம். காலையில் நடுங்குகிறது என்றால் ஒரு சிலிண்டரில் நெருப்பு ஒழுங்காகப் பற்றவில்லை. எரியாத பெற்றோல் நேரே கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. பீங்கானை உருக்குவது அந்தச் சூடுதான். பருத்தித்துறையில் இருந்து ஒருவர் வந்தார், புதுக் கொன்வேட்டர் போட்டு ஆறு மாதம், அதுவும் உருகிவிட்டது. திறந்து பார்த்தால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் ஒன்று செத்துக் கிடக்கிறது. கொன்வேட்டரின் விலைக்குப் பக்கத்திலும் வராத சாமான். மனுசன் கராச் வாங்கிலில் இருந்து எழும்பவே இல்லை.

எனவே முதலில் பிளக், கொயில். பிறகு ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்துகொண்டே போனால் அதுவும் உள்ளே எரிந்து பூச்சை மூடிவிடும். அதற்குப் பிறகு அழுத்தமானி. கொன்வேட்டர் வாங்குவது கடைசி. எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓடாதீர்கள், ஓரத்தில் நிறுத்துங்கள். தினமும் மூன்று கிலோமீற்றர் ஓட்டமும் நல்லதில்லை. கொன்வேட்டர் வேலை தொடங்கவே 300 பாகை அளவு சூடு வேண்டும், சின்ன ஓட்டத்தில் அது அந்தச் சூட்டில் அதிக நேரம் நிற்காது.

வெட்டி எறியச் சொன்னவர் என் வயதுக்காரராக இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிஸும் ஓட்டித் தொழில் பழகின ஆட்கள் நாங்கள். அந்தக் கார்களில் இந்தச் சாமானே இல்லை. உங்கள் காரில் வெட்டினால் எஞ்சின் லைட் அணையாது. வருட அனுமதிப்பத்திரத்துக்கு முன் வரும் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் காட்டிக்கொடுக்கும். அதுவரைக்கும் அந்தப் புகைக்குப் பக்கத்தில் நிற்பது உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ஒன்று மறந்துபோனேன். அடைபட்ட கொன்வேட்டர் அடியில் கொதிக்கும். காய்ந்த புல், பனையோலை கிடக்கும் இடத்தில் காரை விடவேண்டாம்.

கேள்வி: காலையில் சைலன்சரால் தண்ணீர் சொட்டுகிறது. கொன்வேட்டர் போய்விட்டதா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: இல்லை அண்ணை. பெற்றோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், குளிர்ந்த குழாயில் படிந்து சொட்டும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் மட்டும் எழுதுங்கள்.