10 பேர் அலுவலகத்துக்கு ஃபைல் சர்வர், மெயில் சர்வர் எதை வாங்குவது?

10 பேர் வேலை பார்க்கும் அலுவலகம், ஒரே சர்வர் வாங்கி ஃபைல், மெயில் இரண்டையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைலுக்கு வாங்குங்கள், மெயிலுக்கு வேண்டாம். திருப்பூரில் வெளிநாட்டு பையர்களுக்காக ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும், 12 பேர் உள்ள ஒரு பையிங் ஆபீஸில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை முழுக்க என் பொறுப்பு. நீங்கள் கேட்கும் அதே ஏற்பாட்டில்தான் நாங்களும் முன்பு இருந்தோம்.

லினக்ஸ் மெஷின் ஒன்றில் சாம்பா போட்டு ஃபைல் ஷேர், அதிலேயே போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் போட்டு மெயில். உள்ளே வரும் மெயில் ஒழுங்காக வந்தது. வெளியே போவதில்தான் தொல்லை. ஒருமுறை ஜெர்மனி பையருக்கு பிரிண்ட் ஸ்ட்ரைக்-ஆஃப் (துணியில் அடித்துப் பார்க்கும் மாதிரி) படங்களை அனுப்பினோம். 550 என்று ஆரம்பிக்கும் பிழைச் செய்தியோடு மெயில் திரும்பி வந்தது. எங்கள் ஐபி முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது அந்த முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பதிவு, இல்லையாம், அதனால் அந்தப் பக்கத்து சர்வர் ஏற்க மறுத்துவிட்டது. அந்தப் பதிவை நாமே போட முடியாது, இணைய இணைப்பு கொடுத்தவர்தான் போட வேண்டும். அவர்களுக்கு போன் மேல் போன். அப்ரூவல் வராமல் பிரிண்டிங் யூனிட்டில் துணி இரண்டு நாள் அப்படியே கிடந்தது. அதைச் சரிசெய்து முடித்தால், எங்கள் ஐபி வரிசையே ஸ்பேம்ஹாஸ் (மெயில் சர்வர்கள் பார்க்கும் தடைப் பட்டியல்களை வெளியிடும் அமைப்பு) பட்டியலில் இருப்பது தெரிந்தது. பிராட்பேண்ட் ஐபிகளிலிருந்து நேரடியாக மெயில் வந்தால் பல சர்வர்கள் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

இப்போது கெடுபிடி இன்னும் அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) இருக்க வேண்டும், ரிவர்ஸ் டிஎன்எஸும் சரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்க முழுநேர ஆள் இல்லாத அலுவலகம் சொந்த மெயில் சர்வர் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மெயிலை ஜோஹோ, கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 மூன்றில் ஒன்றில் வையுங்கள். எக்செல் இல்லாமல் நாள் ஓடாது என்றால் மைக்ரோசாஃப்ட். மெயில் மட்டும் போதும் என்றால் ஜோஹோவில் செலவு குறைவு. அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் மாதிரிப் பொது முகவரிகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம், குரூப் முகவரியாகவோ பொது அஞ்சல் பெட்டியாகவோ அமைத்துக்கொள்ளலாம். டொமைன் மட்டும் கட்டாயம் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். எங்களுக்கு வெப்சைட் செய்தவர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அவரைப் பிடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் ஃபைல். 10 பேருக்கு விண்டோஸ் சர்வர் தேவையில்லை. இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் ஃபைல் வைக்கும் சேமிப்புப் பெட்டி) போதும், சினாலஜி, க்யூநாப் எதுவானாலும் சரி. இரண்டு டிஸ்க்கையும் ரெய்டு 1-இல், அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி, போட்டால் ஒன்று போனாலும் வேலை நிற்காது. ஆனால் அது பேக்கப் ஆகாது, ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அதனால் ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும்) வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். போன சீசனில் ஒரு மெர்ச்சண்டைசர் வேறு ஸ்டைலின் அளவுகளை ஸ்பெக் ஷீட்டில் போட்டு அப்படியே சேவ் செய்துவிட்டார். கட்டிங் தொடங்க வேண்டிய நாள் அது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'முந்தைய பதிப்புகள்' பகுதிக்குப் போய், காலை 9 மணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

நாஸ் வாங்கும் முன் உங்கள் நெட்வொர்க் சுவிட்சைப் பாருங்கள். எங்களிடம் பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் இருந்தது, 1 ஜிபி டிசைன் ஃபைல் வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும். கிகாபிட் சுவிட்ச் மாற்றியதும் அதே ஃபைல் 10 செகண்டில் வருகிறது. நாஸுக்குத் தனி யுபிஎஸ் வாங்கி, அதன் யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகிவிடுங்கள். கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது அதுவே முறையாக ஷட்டவுன் ஆகிவிடும்.

வீட்டிலிருந்து ஃபைல் பார்க்க வேண்டுமென்று நாஸை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகவே போங்கள். அப்படித் திறந்திருந்த ஆயிரக்கணக்கான க்யூநாப் பெட்டிகளில் 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் புகுந்து, பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டியது. யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள், ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த விதி இது, உங்கள் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவ் சிங்க்கில் போடவே போடாதீர்கள், டேட்டா கெட்டுப்போகலாம்.

டேலி எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கிறீர்கள், இப்போதைய ஃபைல்கள் மொத்தம் எத்தனை ஜிபி என்று கீழே எழுதுங்கள். எவ்வளவு டிஸ்க் போடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.