எழுந்து நின்னாலே படபடப்பு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... புது டாக்டர்கிட்ட எப்படி சொல்றது?

கேள்வி: எனக்கு 27 வயசு, டாக்டர். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனதுல இருந்து எழுந்து நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை கிறுகிறுக்குது, குளிச்சிட்டு வந்தா படுத்தே ஆகணும். ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல். "டென்ஷனை குறைங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒருத்தர் மட்டும் பாட்ஸா (POTS, எழுந்து நின்னா பல்ஸ் அளவுக்கு மீறி ஏறுற பிரச்சனை) இருக்கலாம்னு சொன்னார். அடுத்த வாரம் புது டாக்டரை பார்க்கப் போறேன், அவரும் அதையேதான் சொல்வாரோ?

பதில்: சொல்ல வாய்ப்பு இருக்கும்மா, அதனாலதான் கொஞ்சம் தயாரா போங்கன்னு சொல்றேன். இந்த பாட்ஸ்ங்கிற பேரே 1993லதான் மயோ கிளினிக் டாக்டர்கள் எழுதின கட்டுரையில வந்துச்சு, எங்கள்ல நிறைய பேர் காலேஜ்ல இதை படிச்சதே இல்ல. இன்னொண்ணு, உங்க ஈசிஜி, எக்கோ ரெண்டுமே படுக்க வச்சு எடுத்தது. உங்க பிரச்சனையோ நிக்கும்போது வர்றது. அப்புறம் நார்மல்னு வராம வேற எப்படி வரும்!

அதனால உள்ள போனதும் "எனக்கு பாட்ஸ் இருக்கு, நெட்ல பார்த்தேன்"னு ஆரம்பிக்காதீங்க, பாதி டாக்டருங்க காதை அங்கேயே மூடிக்குவாங்க (தப்புதான், ஆனா நடக்குது). நோய் பேருக்கு பதிலா நம்பரை கொண்டு போங்க. காலையில ஒரு 10 நிமிஷம் அசையாம படுத்திருந்து பல்ஸ், பிபி ரெண்டையும் எழுதிக்கோங்க, அப்புறம் எழுந்து நின்னு 1, 3, 5, 10வது நிமிஷத்துல திரும்ப பார்த்து எழுதுங்க, நடுவுல நடக்கக்கூடாது, பேசிட்டே இருக்கக்கூடாது, பக்கத்துல கண்டிப்பா ஒரு ஆள் இருக்கணும், மயக்கம் வர்ற மாதிரி இருந்தா உடனே படுத்துடுங்க, 10 நிமிஷம் முடிச்சே ஆகணும்னு பிடிவாதம் வேணாம். ரெண்டு மூணு நாள் இப்படி பார்த்தா போதும்.

படுத்திருக்கும்போது பல்ஸ் 72, நின்னதும் 112, பிபி பெருசா இறங்கலன்னு ஒரு தாள்ல இருந்தா எந்த டாக்டரும் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பார். பெரியவங்களுக்கு நின்ன 10 நிமிஷத்துக்குள்ள பல்ஸ் முன்ன இருந்ததை விட 30ஓ அதுக்கு மேலயோ ஏறணும் (12ல இருந்து 19 வயசு வரைக்கும் 40), பிபி மேல் நம்பர் 20 அளவுக்கு விழக்கூடாது, தொந்தரவு 3 மாசமாவது இருக்கணும், இதுதான் பாட்ஸுக்கு கணக்கு. ஆனா இது மட்டுமே வச்சு பாட்ஸ்னு முடிவு பண்ணவும் முடியாது, ரத்தசோகை, தைராய்டு, உடம்புல தண்ணி குறைஞ்சு போறது, சில மாத்திரைங்க எல்லாமே இதே மாதிரி பல்ஸை ஏத்தும். அதனால அவர் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) எழுதிக் கொடுத்தா "திரும்ப முதல்ல இருந்தா"ன்னு சலிச்சுக்காதீங்க. சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் அதே தாள்ல எழுதிடுங்க.

"ரொம்ப டயர்டா இருக்கு"ன்னு சொன்னா அது யார் காதுலயும் ஏறாது, எல்லாருமே டயர்டுதான். "உட்கார்ந்துதான் குளிக்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது பாதியில போய் படுக்கிறேன்"னு சொல்லுங்க. டென்ஷன்னு சொன்னா சண்டை வேணாம், "இருக்கலாம் டாக்டர், ஆனா படுத்தா அடங்கிடுது, நின்னா திரும்ப வருது, ஒரு தடவை நிக்க வச்சு பார்க்கிறீங்களா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காம வந்துடாதீங்க. எனக்கு இதுல பழக்கம் இல்லன்னு அவரே சொன்னா நல்ல மனுஷன்னு அர்த்தம், யார்கிட்ட போகலாம்னு அவர்கிட்டயே கேட்டு ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க.

அதுவரைக்கும் தண்ணி நல்லா குடிங்க, ஆனா யாரோ சொன்னாங்கன்னு உப்பை அள்ளிப் போட்டுக்காதீங்க, பிபி, கிட்னி பார்த்துட்டு டாக்டர் சொல்லணும். படுத்திருக்கும்போதே படபடப்பு, நெஞ்சு வலி, வேகமா நடக்கும்போதோ ஓடும்போதோ மயங்கி விழறது, குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்கிறது, இதுல ஏதாவது இருந்தா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே போய் காட்டுங்க.