அக்காவின் கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் காட்பாடிக்கு அருகில் வசிக்கும் 59 வயதுக் கிறிஸ்தவன். தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தகப்பனார் 2007-இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், வாரிசுகள் நானும் என் அக்காவும் மட்டுமே. 2009-இல், ஐந்து சென்ட் வீட்டுமனைக்குப் பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி, குடியாத்தத்திலிருந்து அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து, சொத்தில் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அன்று அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வந்திருந்தார். "எங்கே போடணும், தம்பி?" என்று கேட்டார்; நான் விரல் வைத்துக் காட்டினேன். கைச்செலவுக்கு என்று 20,000 ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மனையில் வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அக்கா இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு என் மகன் பெங்களூர் நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கிக் கணுக்கால் உடைந்தபோது, அக்கா இரண்டு பேருந்து மாறி, தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். அன்று இரவு முதல் எனக்குச் சரியான உறக்கமில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்கிறேன். லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன். சாத்தான் அன்று என் கண்ணை மறைத்தான். மனைவி வீட்டாரும் நெருக்கினார்கள். கர்த்தர் என்னை மன்னித்தாரா? என் பாவத்துக்காகத்தான் மகனின் கால் போனதா? இயேசுவின் இரத்தம் எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்றால், அக்காவிடம் சொல்லிப் பழையதைக் கிளற வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு பாவி

அன்புள்ள சகோதரருக்கு,

உங்களுடைய நான்கு பக்கக் கடிதத்தை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் 'பாவி' என்ற சொல் பதினொரு இடங்களில் வருகிறது. 'ஏமாற்றினேன்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. உங்கள் உறக்கமின்மையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குற்ற உணர்வும் வெட்கமும் வேறு வேறு என்று உளவியலில் பிரித்துப் பார்ப்பதுண்டு. குற்ற உணர்வு, செய்த செயலைச் சுட்டிக்காட்டி அதைச் சரிசெய்யத் தூண்டும். வெட்கமோ, ஆளையே மட்டமாக்கி மறைந்துகொள்ளச் சொல்லும். 'அடியேன் பெரும்பாவி' என்று சபையோடு சேர்ந்து சொல்வது, நல்ல வழிபாடாக இருக்கும்போதே நல்ல மறைவிடமாகவும் இருந்துவிடக்கூடும். ஏனெனில், எல்லாரும் பாவி என்று சொல்லும் இடத்தில் எந்தப் பத்திரம், எந்தத் தேதி, யாருடைய கையெழுத்து என்று ஒருவரும் கேட்பதில்லை.

சாத்தானையும் மனைவி வீட்டாரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியைத் தின்றதற்குக் காரணமாக ஆதாம் ஏவாளைக் காட்டினான்; ஏவாள் சர்ப்பத்தைக் காட்டினாள். சோதனை இருந்ததை வேதம் மறுக்கவில்லை. ஆயினும் இருவரும் தம் செயலுக்கான விளைவைத் தாமே ஏற்க வேண்டியிருந்தது. நெருக்குதல் உண்மையாகவே இருந்திருக்கலாம், ஆனால் கண்ணாடி இல்லாத அக்காவுக்குப் பத்திரத்தில் இடம் காட்டிய விரல் உங்களுடையது.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் விபத்துக்கு இந்தப் பத்திரம் காரணமல்ல. தகப்பன் செய்ததைப் பிள்ளை சுமக்கிறான் என்ற பழமொழியை இஸ்ரவேலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அதை வெளிப்படையாகவே தள்ளிவிட்டது. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அவனையும் சொல்லவில்லை, அவன் பெற்றோரையும் சொல்லவில்லை. பெரிய பழி ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வது, தீர்க்கக்கூடிய சிறிய கடனைத் தள்ளிப்போட வசதியாக இருக்கிறது என்பதை என் அனுபவத்தில் பலரிடம் பார்த்திருக்கிறேன். மகனிடம் இந்த எண்ணத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். அவனுக்கு வேண்டியது இயன்முறைச் சிகிச்சை.

கர்த்தர் மன்னித்தாரா என்ற கேள்விக்கு வருகிறேன். அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று யோவானின் முதல் நிருபம் உறுதியாகச் சொல்கிறது. அதில் நான் ஒரு நிபந்தனையையும் சேர்க்கப்போவதில்லை. வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று சகேயு பிறகுதான் சொன்னான். ஆகவே திருப்பித் தருவது மன்னிப்புக்கான விலை அல்ல. ஆனால், வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு விருந்து வைத்துவிட்டு, வசூலித்த பணத்தைச் சகேயு பெட்டியிலேயே வைத்துப் பூட்டியிருந்தால், அந்தக் கதையை நாம் எப்படி வாசித்திருப்போம்? லேவியராகமம் ஆறாம் அதிகாரமும், வஞ்சித்து எடுத்த பொருளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டே பலியைப் பற்றிப் பேசுகிறது. நம் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில், காணிக்கைக்கு முன் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிறோம் அல்லவா? 'உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால்' முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்லும் மலைப்பிரசங்கப் பகுதியே அதற்குப் பின்னால் நிற்கிறது. உங்கள் அக்காவுக்கு உங்கள்மேல் குறை இருப்பது அவருக்கே தெரியாது. அது உங்கள் வசதி, அவருடைய சமாதானம் அல்ல.

நடைமுறைக்கு வருவோம். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. உங்கள் நிலையில், அந்த மனையில் சரிபாதி அக்காவுடையது. பங்கை எழுதிக்கொடுப்பதா, இன்றைய மதிப்பைப் பணமாகத் தருவதா, இதுவரை வந்த வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மட்டும் அக்காவுடையதாக இருக்கட்டும். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் சண்டையிடுவார் என்றே எதிர்பார்க்கிறேன். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போடலாம், ஓர் ஆண்டு தள்ளிப்போடக் கூடாது.

அக்காவிடம் தொலைபேசியில் சொல்லாதீர்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்திலும் வேண்டாம். "கர்த்தரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து வாயில் எடுக்காதீர்கள். அது மன்னிப்புக் கேட்பதாகாது, மேலிடத்துச் சிபாரிசைக் காட்டுவதாகும். அவர் அழலாம், கோபத்தில் உங்களை வெளியே போகச் சொல்லலாம், பல மாதங்கள் பேசாமலும் இருக்கலாம். அந்த மௌனத்தை அவசரப்படுத்த உங்களுக்கு உரிமையில்லை. உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள்; இப்போது இருப்பது, ஒருவர் சூப் கொண்டுவர மற்றவர் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளும் உறவு.

உறக்கத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பசியின்மையோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணமோ சேர்ந்திருந்தால், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. இரவு நேரத்தில் 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல.

குடியாத்தத்துக்குப் போகும்போது விடுதலைப் பத்திரத்தின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உட்கார்ந்ததும், அக்காவின் கண்ணாடி எங்கே என்று கேளுங்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்து முடிக்கும் வரை நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.