வேலைக்குப் போக முடியவில்லை, படிப்பை விட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கூடலூர் பக்கம் ஒரு ஆதிவாசி கிராமம். பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்தேன். இப்போது ஊட்டியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. மூன்று பேர் சேர்ந்து வாடகை அறையில் இருக்கிறோம். சனி, ஞாயிறு ஒரு சாக்லேட் கடையில் நின்றுதான் வாடகையும் சாப்பாடும் ஓடியது. எனக்கு சிக்கிள் செல் என்ற ரத்த நோய் உண்டு. டிசம்பரில் வலி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குளிரில் நிற்கும் வேலை இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையிலும் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அப்பா இல்லை, அம்மா தேயிலை பறிக்கிறார். புதுமைப் பெண் பணம் முதல் வருஷம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நோயைப் பற்றிக் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பார்களோ என்று பயம். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கே போய்விடலாமா அக்கா?

— பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பணக்கஷ்டம் பெரியதுதான். ஆனால் நோயை நீ மறைத்து வைத்திருப்பதால் அது இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரி அலுவலகம் ஒன்றில் உதவித்தொகை மேசையில் பல வருஷம் இருந்தவள் நான். ஏப்ரல் வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் வருவாள். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தால், விரல் மடங்காமல் கீழே விட்டுவிடுவாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத விடாமல் போனபோதுதான் அவளுக்கும் இதே நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் அவள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூட எங்கள் மேசைக்கு வந்திருக்கவில்லை. அந்த வருஷமே அவள் படிப்பை விட்டுவிட்டாள். அது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

இது ஒட்டும் நோய் இல்லை, பெற்றோர் வழியாக ரத்தத்தில் வருவது. இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டு எழுதப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். இந்த மலையில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நீ சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. டிசம்பர் மாத டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடு. துறைத் தலைவருக்கும் முதல்வருக்கும் ஒரு கடிதம் எழுதி, அதோடு இணைத்துக் கொடு. பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் மருத்துவச் சான்றை வைத்து விலக்குக் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே கொடுத்த சான்றுக்குத்தான் மதிப்பு. பரீட்சைக்கு முந்தின வாரம் கொண்டுபோய் நீட்டினால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். 'உடம்பு முடியாததால் வேலைக்குப் போக முடியாத மாணவர்' என்ற பெயரில் நம் ஊரில் தனியாக ஒரு திட்டம் கிடையாது. அங்கங்கே இருப்பதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்தாலும் சாக்லேட் கடைக் கூலி அளவுக்கு வருமா என்றால், வராமல் போகலாம். அதனால் முதலில் செலவைக் குறை. உனக்குப் பெரிய செலவு வாடகையும் சாப்பாடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதியில் இரண்டுக்குமே கட்டணம் இல்லை. நடுவில் இடம் காலியானாலும் சேர்ப்பார்களா என்று வார்டனிடம் நேரில் போய்க் கேள்.

நின்றுபோன புதுமைப் பெண் பணத்தை விட்டுவிடாதே. மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் சேர்த்து வாங்கலாம். இப்படி நடுவில் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் பார்த்திருக்கிறேன்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் நீ இரண்டாம் ஆண்டுக்குப் போன விவரத்தைக் கல்லூரி கணினியில் ஏற்றியிருக்காது. ஒரு காலை வங்கிக்கு, ஒரு காலை அலுவலகத்துக்கு என்று போய் வந்தால் தெரிந்துவிடும்.

பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை வருகிறதா என்று நீ எழுதவில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உனக்கு உண்டு. கட்டணம் போக, பராமரிப்புப் படியும் தருவார்கள். விடுதியில் இருப்பவர்களுக்கு அந்தப் படி கூடுதல்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் சிக்கிள் செல்லும் ஒன்று. கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீயே உன்னை ஒதுக்கிக்கொள்ளாதே. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கொடுத்தால், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மேற்படிப்பில் இடஒதுக்கீடும் உண்டு. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: மத்திய அரசின் உதவித்தொகை இரண்டை ஒரே சமயத்தில் வாங்க முடியாது. கணக்குப் போட்டு எது அதிகமோ அதை எடு. ரத்தப் பரிசோதனை அறிக்கை, எத்தனை தடவை அட்மிட் ஆனாய், எத்தனை தடவை ரத்தம் ஏற்றினார்கள் என்ற சீட்டுகள், எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுவை. சதவீதம் முடிவாவது அதைப் பார்த்துத்தான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கூடலூர் ஏறக்குறைய அதில் பாதிதான், குளிரும் குறைவு. இந்த நோய்க்குக் குளிர் ஆகாது என்பது உனக்கே தெரியும். கூடலூரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, அதுவும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததுதான். உன் பாடம் அங்கே இருந்து இடமும் இருந்தால், மூன்றாம் ஆண்டுக்கு மாற்றல் கேட்டுப் பார். அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு படிப்பை முடிக்கலாம். டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் மாற்றலுக்கு உதவும்.

இதெல்லாம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை கடன் ஆப் பக்கம் மட்டும் போகாதே, அம்மாவையும் உனக்காகக் குழுக் கடன் எடுக்க விடாதே. அவசரத்துக்கு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடு. கலெக்டரின் விருப்ப நிதியிலிருந்து உதவி கேட்கிறேன் என்று தெளிவாக எழுது. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள். வரிசை நீளமாக இருக்கும். ஸ்வெட்டரும் வெந்நீர் பாட்டிலும் எடுத்துப் போ. நிற்க முடியாது, நோய் இருக்கிறது என்று சொல்லி நாற்காலி கேள்.