கீமோதெரபியைத் தாண்டிப் புற்றுநோய் மருத்துவத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது?

அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகிய மூன்றையும் தாண்டி உண்மையிலேயே ஏதாவது வந்திருக்கிறதா, எல்லாம் வெறும் செய்திப் பரபரப்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். புகையைத் தொட்டறியாதவர். பயாப்சி முடிவு வந்த பிறகும் மருத்துவர் உடனே மருந்தைத் தொடங்கவில்லை. திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பொறுத்திருக்கச் சொன்னார். இ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்ததும், கீமோவுக்குப் பதிலாகத் தினமும் விழுங்கும் மாத்திரையைக் கொடுத்தார். முற்றிய நிலையில் இத்தகைய மாத்திரைகள் நோயை அடியோடு போக்குவது அரிது, நாளடைவில் புற்றணுக்கள் அவற்றுக்குப் பழகிவிடுகின்றன என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனாலும் பெரியம்மாவுக்குக் கிடைத்த நல்ல நாட்களை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதோடு, எந்தக் கோளாறு அதை வளர்க்கிறது என்றும் பார்ப்பதுதான் பெரிய மாற்றம். இதற்கு வழிகாட்டியது ஒருவகை ரத்தப் புற்றுநோய். அந்த நோயாளிகளின் அணுக்களில் இயல்பைவிடச் சிறிய குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) ஒன்றை 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் அது உருவாகிறது என்று 1973-இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தக் கோளாற்றையே குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-இல்தான் அனுமதி கிடைத்தது. அடிப்படை ஆய்வுக்குச் செலவழிப்பது வீண் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நாற்பது ஆண்டுக் கதையைத்தான்.

அடுத்தது நோயெதிர்ப்புச் சிகிச்சை. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒருவகையான டி அணுக்களில் இயற்கையாகவே சில பிரேக்குகள் உண்டு. புற்றணுக்கள் அவற்றை அழுத்தித் தப்பிக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் காட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2022-இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், இத்தகைய மருந்தை மட்டுமே எடுத்துச் சிகிச்சையை முடித்த 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அத்தனை பேருடைய கட்டிகளிலும் டி.என்.ஏ பிழைதிருத்தும் அமைப்பு பழுதாகியிருந்தது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் சிறு பகுதியினருக்கே அப்படி இருக்கும். தலைப்புச் செய்திகள் பலவும் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் கோபம்தான்.

நோயாளியின் டி அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி முறை 2017 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்களில் அது சாதித்ததை, நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளில் வளரும் திடக் கட்டிகளில் இன்னும் சாதிக்கவில்லை.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றி தடுப்பில்தான் கிடைத்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி அதற்கு முன்பே, 2006-இல் வந்துவிட்டது. சுவீடனில் சுமார் 17 லட்சம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள்: 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம், போடாதவர்களைவிட இந்த நோய் 88 சதவீதம் குறைவு. இவ்வளவு உறுதியான பலனைத் தரும் ஊசி எத்தனையோ சிறுமிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆகவே, வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் இந்தத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எல்லா எச்.பி.வி வகைகளையும் அது தடுப்பதில்லை என்பதால், ஊசி போட்டிருந்தாலும் உரிய வயதில் கருப்பைவாய்ப் பரிசோதனை வேண்டும். யாருக்காவது ஏற்கெனவே நோய் உறுதியாகியிருந்தால், கட்டிக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.